செம்மண் கட்டிய விதை

ஆந்திராவின் நகரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “சித்திரை வெயிலில், பொட்டு ஈரமில்லாத புழுதியில் பக்கத்துக் கொல்லைக்காரர் விதைக்கிறார். நவதானியமாம். முளைக்குமா?”

முளைக்கும். புழுதி விதைப்பு மானாவாரிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஆந்திர அரசின் ரைது சாதிகார சம்ஸ்தா 2016 முதல் நடத்திவரும் இயற்கை வேளாண்மைத் திட்டத்தில் அதற்கு வேறு வேலை. சித்தூர், திருப்பதிப் பக்கம் மானாவாரி என்றாலே வேர்க்கடலைதான். ஆடியில் விதைத்துக் கார்த்திகையில் பிடுங்கினால் அடுத்த ஆடிவரை நிலம் மொட்டையாகக் கிடக்கும். அந்தச் செம்மண்ணில் கோடை மழை அறையும்போது மண்கட்டிகள் உடைந்து, நுண்துகள்கள் துவாரங்களை அடைத்துப் பொருக்குத் தட்டிவிடுகிறது. பிறகு பெய்வதெல்லாம் சாணம் மெழுகிய வாசலில் கொட்டிய தண்ணீர்போல ஓடிவிடும், மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு.

அந்த மொட்டை மாதங்களை மூடத்தான் பயறு, சிறுதானியம், எண்ணெய் வித்து, கீரை என்று பல வகை விதைகளைக் கலந்து தூவி, மேலே சருகும் வைக்கோலும் மூடாக்காகப் போடுகிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த விதையைத் தயாரிக்கும் விதம். சாணமும் கோமியமும் சுண்ணாம்பும் கலந்த பீஜாமிர்தத்தில் விதையை நனைக்கிறார்கள். பிறகு களிமண், சாம்பல், பொடித்த கனஜீவாமிர்தம் (சாணத்தில் செய்யும் உலர் உரம்) என்று தூவித் தூவி உருட்டுகிறார்கள். சீரக மிட்டாயில் சீரகத்தின்மேல் சர்க்கரை ஏறுவதுபோல விதைமேல் மண் ஏறுகிறது. எறும்பும் குருவியும் எளிதில் எடுப்பதில்லை. சிறு தூறலில் அவசரப்பட்டு முளைத்துக் கருகாமல், உறை கரையும் அளவுக்கு மழை வரும்வரை விதை காத்திருக்கிறது. எங்கள் பாட்டி துவரைக்குச் செம்மண் கட்டிப் பானையில் வைப்பார், வண்டு வராது. அந்தக் கைப்பழக்கம் இங்கே காட்டுக்குப் போயிருக்கிறது. காற்றின் ஈரத்திலேயே முளைக்கும் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை. ஒரு கோடை மழையாவது வேண்டும்.

முளைத்தபின் வேர் தன் சர்க்கரையில் ஒரு பங்கை மண்ணில் கசியவிடுகிறது. அதைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுரக்கும் பசை, துகள்களை ஒட்டிச் சிறு மணிகளாக்குகிறது. மணிகளுக்கிடையே சந்து, அதில் தண்ணீர் இறங்கித் தங்குகிறது.

2024இல் இந்தத் திட்டம் போர்ச்சுகலின் குல்பென்கியான் மானுட விருதைப் பகிர்ந்துகொண்டது. ஆனால் ஊருக்குள் இந்தக் கோடை விதைப்புக்குப் பெரிய தடை மேய்ச்சல்தான். எல்லாக் காடும் காய்ந்திருக்கும்போது பச்சையாக நிற்கும் ஒரே காட்டில் ஆடுமாடுகள் இறங்காமல் இருக்குமா? ஊரே கூடிப் பேசினால்தான் இந்தப் பயிர் தப்பும்.

ஆயிரம் அடிக்குப் போர் போடக் கடன் வாங்குகிறோம். மேலே இருக்கும் ஓரடி மண் தண்ணீர் பிடிக்கிறதா என்று பார்ப்பதில்லை. மூடாக்காகக் கிடக்க வேண்டிய கடலைக்கொடியையும் மிச்சமில்லாமல் வாரிக்கொண்டு போகிறோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

நகரி வாசகரே, பத்து சென்ட்டில் மட்டும் விதைத்து மூடாக்குப் போடுங்கள். பக்கத்தில் பத்து சென்ட்டை மொட்டையாகவே விடுங்கள். பயிர் எழுந்தபின் நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள் இரண்டிலும் மண்வெட்டியால் வெட்டிப் பார்த்து, எத்தனை அங்குலம் நனைந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.