ஹிப் ஹாப் தமிழன்

ஹிப் ஹாப், 1970களில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பின இளைஞர்களிடையே தோன்றிய கலை. தாளத்திற்கு இயையச் சொற்களை விரைந்து அடுக்கிப் பாடுவதை ‘ராப்’ என்பர். அதில் ராகத்தைவிடச் சொல்லுக்கே முதலிடம். ஆதலின் எதுகையும் மோனையும் பழகிய தமிழ்ச் செவிக்கு அது முற்றிலும் அயலானதன்று.

கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதியும் அவர்தம் நண்பர் ஜீவாவும் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்னும் பெயரில் இணைந்து, 2012ஆம் ஆண்டில் ‘ஹிப் ஹாப் தமிழன்’ என்ற தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். மலேசியாவில் யோகி பி குழுவினர் 2006ஆம் ஆண்டிலேயே ‘வல்லவன்’ தொகுப்பைத் தந்திருந்தனர். தமிழ்நாட்டிலோ பாட்டு என்றாலே திரைப்பாட்டுதான். கதையும் நடிகரும் இன்றி, பாட்டு மட்டும் தனித்து நின்று கேட்போரை ஈர்க்க வேண்டியிருந்தது. அஃது எளிய செயலா? இணையத்தில் முன்னரே பரவியிருந்த அவர்களுடைய பாடல் அதற்கு வழிவகுத்தது.

இவர்களுடைய வரிகளில் பேச்சுத்தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும். மொழித்தூய்மை நாடுவோர் இதனை விரும்பார். எனினும், நகரத்து இளைஞர் தாம் பேசும் தமிழையே இத்தகைய தொகுப்புகளில் பாட்டாகக் கேட்டனர். திரைக்கு வெளியே பாடத் தொடங்கிய இவ்விருவரையும் திரையுலகமே பின்னர் அழைத்தது. 2015இல் ‘ஆம்பள’ திரைப்படத்திற்கு இவர்கள் இசையமைத்தனர்.