வரவேற்பே கூச்சல்தான்!

பெயர் கால்பந்து. ஆனால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்! அதுதான் அமெரிக்கக் கால்பந்து.

ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கி எடுக்கும். அதிகம் தோற்ற அணிக்கு முதல் முறை. "யாரை எடுப்பது?" என்று ரசிகர்கள் நாள் கணக்கில் வாதாடுவார்கள்.

1999-ல் பிலடெல்பியா அணிக்கு இரண்டாவது முறை கிடைத்தது. பந்தோடு ஓடுவதில் சூரரான ரிக்கி வில்லியம்ஸ் வேண்டும் என்றார்கள் ரசிகர்கள் பலர். அணி எடுத்ததோ, பந்து எறியும் டோனவன் மெக்நாபை!

நியூயார்க்கில் தேர்வு நடந்த அரங்குக்கே வந்திருந்த ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். மேடைக்கு வந்த வாலிபர் அதைக் கேட்டார்.

ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. அதே அணிக்கு 11 ஆண்டுகள் ஆடினார். 2005-ல் இறுதிப் பந்தயம் வரை கொண்டுபோனார். அதில் தோல்விதான். எனினும், அவர் அணிந்த 5-ம் எண்ணை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று 2013-ல் அணி முடிவு செய்தது.

ஆடவிட்டுப் பார்ப்பதற்குள் தீர்ப்புச் சொல்லலாமா?