உங்களுக்குத் தெரியுமா? ஊருக்குத் திட்டம் போடும் பொடிசுகள்!

கோவில்பட்டி நகராட்சியில் எத்தனை வார்டுகள்? 36! பிரேசில் நாட்டு பார்ரா மான்சா நகரின் சிறுவர் மன்றத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? அங்கேயும் 36! சரியாக 18 பையன்கள், 18 பெண் பிள்ளைகள்!

கூடிக் கலைகிற மன்றம் என்று நினைத்துவிடாதீர்கள். நகராட்சிப் பணத்தில் ஒரு பங்கை எதற்குச் செலவழிப்பது என்று அந்தப் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 1,25,000 டாலர்! கூட்டங்களில் கலந்து பேசிய பிள்ளைகள் 6,000-க்கும் மேல்!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014-ல் இளசுகளிடம் ஒப்படைத்த தொகை 10 லட்சம் டாலர்! அதை எதற்குச் செலவழிப்பது என்று வாக்களித்தவர்களின் வயது? 12 முதல் 25 வரை!

மைன்கிராஃப்ட் விளையாடினால் வீட்டில் திட்டு விழுகிறதா? அதே விளையாட்டை வைத்து, பூங்காவையும் மைதானத்தையும் மக்களே வடிவமைக்கும் வேலையை ஐ.நா. 2012-லேயே தொடங்கிவிட்டது!

கர்நாடகத்தில் 2004-ல் 56 கிராம ஊராட்சிகளுக்கு ஐந்தாண்டுத் திட்டம் தீட்ட உட்கார்ந்த பிள்ளைகள் 20,000 பேருக்கும் மேல்!

நம்ம தமிழ்நாடு மட்டும் சளைத்ததா? பல இடங்களில் சுமார் 30 வீடுகளுக்கு ஒரு குழந்தைகள் பாராளுமன்றம்! பிரதமர் உண்டு, சுகாதார அமைச்சர் உண்டு, கல்வி அமைச்சரும் உண்டு. எல்லாருமே வாண்டுகள்! இதில் வளர்ந்த பார்வையற்ற மாணவி ஒருவர் நியூயார்க் ஐ.நா. சபை வரை போய்ப் பேசியிருக்கிறார்!

பக்கத்துத் தென்காசி மாவட்டத்து வெங்கடாம்பட்டி. 2021-ல் அங்கே ஊராட்சி மன்றத் தலைவராக வென்ற சாருகலாவுக்கு வயது 22! சென்னை மாநகராட்சியின் 98-வது வார்டில் 2022-ல் ஜெயித்த பிரியதர்ஷினிக்கு இன்னும் ஒரு வயது குறைவு!

சின்னப் பிள்ளை பேச்சைச் சபையில் உட்கார்ந்து கேட்பது கரிசல் மண்ணுக்குப் புதுசே இல்லை. எட்டயபுரம் அரசவையில் சுப்பிரமணியனுக்குப் 'பாரதி' பட்டம் கிடைத்தபோது வயது வெறும் 11!

இன்று நம்ம ஊரிலும் சபையில் பேசலாம். வாறுகால் அடைத்துக்கொண்டதா? சீவலப்பேரித் தண்ணீர் வரவில்லையா? 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபா வந்துவிட்டது. கிராம சபை போலவே வாக்காளர்கள் எழுந்து நின்று கேட்கலாம்!

வாக்காளர் ஆக எத்தனை வயது? 1989-க்கு முன்பு ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதை 18 ஆக்கியது 61-வது அரசியல் சட்டத் திருத்தம். கோவில்பட்டியில் கல்லூரி வாசலை மிதிக்கும் தம்பி, தங்கைகளே, உங்களுக்கு முழுசாக 3 வருஷம் லாபம்!