எருமை நாக்கின் ஏறிப்போன கண்

வாலாஜாபாத் பக்கம் ஏரி மீன்தான் நாக்குக்குப் பழகியது. கடல் மீன் வேண்டுமென்றால் காசிமேட்டு ஐஸ் பெட்டி வர வேண்டும். அதில் சில நாள், மாந்தலோடு மாந்தலாக, அதைவிடத் தடித்த பழுப்புத் தட்டை மீன் ஒன்றும் கிடக்கும். எருமை நாக்கு. வாயைத் திறந்து பார்த்தால் ஊசி ஊசியாகப் பல்.

வியாபாரத்தில் இதற்கு 'இந்திய ஹாலிபட்' என்று பெயர். அசல் அட்லாண்டிக் ஹாலிபட் 300 கிலோவையும் தாண்டும்; இது 9 கிலோ எட்டினாலே பெரிசு. தரங்கம்பாடியில் கிடைத்த மீனை வைத்து 1801இல் ஜெர்மானிய அறிஞர்களின் நூல் ஒன்றில் இதை முதலில் பதிவு செய்தார்கள்.

பிறக்கும்போது இது தட்டை மீனே இல்லை. குஞ்சு மற்ற மீன்களைப் போலவே நிமிர்ந்து நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண்ணோடு. வளர வளர மண்டை எலும்பு கோணி, ஒரு கண் மேலே ஏறும். பிறகு தரைக்கு இறங்கி ஒருக்களித்துப் படுத்துவிடும். பெரும்பாலான தட்டை மீன்களில் அந்தக் கண் உச்சியைத் தாண்டி மறுபக்கமே போய்விடும். எருமை நாக்கிலோ உச்சி விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. இந்த மீனுக்குப் பழைய நிமிர்ந்த பழக்கமும் முழுக்க விடவில்லை. பல நேரம் நிமிர்ந்தே நீந்துகிறது.

தட்டை மீனின் கண் படிப்படியாக நகர்ந்து பரிணமித்தது என்றால், பாதி தூரம் நகர்ந்த கண்ணால் என்ன லாபம் என்று டார்வினை மடக்கியவர் மைவார்ட். விலங்கியலாளர், கெட்டிக்காரர்தான். ஆனால் கண் பாதி நகர்ந்த மீன்கள் இருந்தே இருக்கின்றன. சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களில் மாட் ஃப்ரீட்மன் 2008இல் அவற்றைக் காட்டினார். விளிம்பில் கண் இருந்தால் படுத்தபடியே நோட்டம் விடலாம், அது லாபம்தானே?

மணலும் சேறுமான அடித்தரை, பெரும்பாலும் 20 முதல் 40 மீட்டர் ஆழம், இதுதான் இருப்பிடம். ராத்திரியில் சின்ன மீன்களை வேட்டையாடும். அடித்தரையை வாரும் இழுவலையில் சிக்குவதால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் நம் பக்கம் வரத்து குறையும்.

வாங்கும்போது மேல் கண்ணைப் பாருங்கள். தலை விளிம்பில் இருந்து, முதுகுத் துடுப்பு தலைவரை வராமல் பின்னாலேயே தொடங்கினால் எருமை நாக்கு. கண்கள் இடப்பக்கமா வலப்பக்கமா என்று குழம்ப வேண்டாம், இதில் இரண்டு விதமும் உண்டு.