ரெக்கார்டு தந்த கேள்வி ஞானம்

1930 வாக்கில் அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் ப்ளூஸ் கிட்டார் கற்க ஆசைப்பட்ட பையனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பார்க்கலாம். இல்லையென்றால் 75 சென்ட் கொடுத்து ஒரு 78 ஆர்பிஎம் ரெக்கார்டு வாங்கி, சாவி கொடுத்து ஓடும் கிராமபோனில் தட்டு தேயும்வரை கேட்கலாம். அந்தப் பாட்டுகளை யாரும் ஸ்வரம் போட்டு எழுதி வைக்கவில்லை. இன்று அதே பாட்டைக் கற்க நினைப்பவர் கைபேசியில் பெயரைத் தட்டினால் போதும். பாடம் நடத்தும் காணொளி வருகிறது. எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் குறித்த டேபுலேச்சர் வருகிறது. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்கவும் வசதி இருக்கிறது. பாட்டு மாறவில்லை, அதற்குப் போகும் வழி தலைகீழாகிவிட்டது. அன்று காது முதலில் வேலை செய்தது, கண்ணுக்கு வாய்ப்பு கிடைத்தால் அது அதிர்ஷ்டம். இன்று கண்ணுக்குத்தான் முதல் பந்தி.

ராபர்ட் ஜான்சனை எடுத்துக்கொள்வோம். 1911-ல் பிறந்து 1938-ல் இறந்துபோனவர். பதிவு செய்தது 29 பாட்டுகள். சாத்தானிடம் ஆன்மாவை விற்று வித்தை வாங்கினார் என்ற கதை இன்னமும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். ஒரு மனிதர் உழைத்த உழைப்பை அது அப்படியே விழுங்கிவிடுகிறது. ராபின்சன்வில்லில் மூத்த ப்ளூஸ் கலைஞர்களான சன் ஹவுஸும் வில்லி பிரவுனும் வாசித்த இடங்களில் அவர் போய் நின்றார், பார்த்தார். அப்போது அவருக்கு வாசிப்பு கைகூடவில்லை என்று சன் ஹவுஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு ஹேஸல்ஹர்ஸ்ட் பக்கம் போய், ஐக் ஜிம்மர்மன் என்ற வாத்தியக்காரரிடம் பழகிக் கற்றார். ராத்திரியில் இருவரும் இடுகாட்டில் உட்கார்ந்து வாசித்ததாக ஜிம்மர்மன் குடும்பத்தார் சொன்னார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாத இடம் அதுதான். சாத்தான் கதைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதோடு ரெக்கார்டுகளும் அவருக்கு ஆசான்களாக இருந்தன. 1931-ல் விஸ்கான்சின் மாநிலத்து கிராஃப்டனில், நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்று நடத்திய பாரமவுன்ட் நிறுவனத்துக்காக ஸ்கிப் ஜேம்ஸ் ‘22-20 ப்ளூஸ்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அது பியானோப் பாட்டு. 1936-ல் ஜான்சன் அதை ‘32-20 ப்ளூஸ்’ ஆக்கிக் கிட்டாரில் வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆச்சரியம் அடங்காது. பியானோவில் இரண்டு கைகள் செய்த வேலையை ஆறு கம்பிக்குள் கொண்டுவருவதற்கு எந்தப் பாடப்புத்தகமும் அன்று இல்லை. பியானோவில் இடது கை செய்ததைக் கட்டைவிரலிடம் கொடுத்து, வலது கையின் குறும்புகளை மேல் கம்பிகளுக்கு மாற்றியிருக்கிறார். காதில் விழுந்ததை அப்படியே நகலெடுத்தவர் இல்லை. கேட்டதைத் தன் வாத்தியத்துக்கு ஏற்றபடி யோசித்தவர்.

ஆகவே ரெக்கார்டு கேட்டுக் கற்பது பிற்காலத்து ரசிகர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. கறுப்பினக் கலைஞர்களே அப்படிக் கற்றார்கள். ஆனால் அவர்களுக்குப் பக்கத்து ஊரிலேயே யாராவது ஒருவர் அந்த விதமாக வாசித்துக்கொண்டிருந்தார். டாக்கரி பண்ணையில் சார்லி பேட்டன் வாசிக்க, அவரைச் சுற்றி ஒரு கூட்டமே வளர்ந்தது. காதில் கேட்டதில் சந்தேகம் வந்தால் சனிக்கிழமை ராத்திரி நேரில் போய்க் கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

அந்தத் துணைகூட இல்லாமல் காதை மட்டும் நம்பியவர்கள் அடுத்த தலைமுறை. 1952-ல் ஹாரி ஸ்மித் பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தொகுத்து எல்பி வரிசையாகக் கொண்டுவந்தார். 1959-ல் சாமுவேல் சார்ட்டர்ஸ் ‘த கன்ட்ரி ப்ளூஸ்’ புத்தகம் எழுதினார். 1961-ல் ராபர்ட் ஜான்சன் பாட்டுகள் எல்பி ஆகின. நியூயார்க், பாஸ்டன் நகரத்து இளைஞர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், இவற்றைக் கேட்டு மயங்கினார்கள். வாசித்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே பல பேர் விஷயத்தில் தெரியாது. கைகளைப் பார்த்தவர் யாரும் இல்லை. இங்கிலாந்தில் கீத் ரிச்சர்ட்ஸ் முதன்முதலாக ஜான்சனைக் கேட்டபோது, கூட வாசிக்கும் இன்னொருவர் யார் என்று கேட்டாராம். இன்னொருவர் கிடையாது. பேஸ் கம்பிகளில் ஓடிய கட்டைவிரலும் மேலே ஓடிய விரல்களும் ஒரே மனிதருடையவை.

அந்த இளைஞர்களிடம் ஒரு அருமையான உபாயம் இருந்தது. அக்காலத்து ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் நான்கு வேகங்கள் உண்டு: 78, 45, 33⅓, 16⅔. கடைசி வேகம் பேச்சுப் பதிவுகளுக்காக வைத்தது. 33⅓ வேகத்து எல்பியை 16⅔-ல் ஓட்டினால் ஓட்டம் சரிபாதியாகிவிடும், சுதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். ஸ்வரம் மாறாது, ஸ்தாயிதான் கீழே போகும். அதனால் கிட்டாரை மாற்றிச் சுதி சேர்க்காமலே கூட வாசிக்கலாம். மேல் கம்பிகளில் ஓடும் வேகமான சங்கதிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து காதில் விழும். ஆனால் பேஸ் கம்பிகளின் கதி வேறு. கிட்டாரின் கீழ்க் கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். பாதி வேகத்தில் அது 41 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வீட்டுப் பெட்டியில் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியால் அதைச் சொல்ல முடியாது, வெறும் உறுமல்தான் வரும். எனவே மேல்கம்பி வேலையை 16-லும் கட்டைவிரல் வேலையை முழு வேகத்திலும் கேட்டு, இரண்டையும் மனசுக்குள்தான் ஒட்ட வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் சுதி. டெல்டாக்காரர்கள் வழக்கமான முறையில் மட்டும் கம்பிகளைச் சேர்க்கவில்லை. ‘ஸ்பானிஷ்’ என்றால் டி, ஜி, டி, ஜி, பி, டி. ‘வெஸ்டபோல்’ என்றால் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. இந்தப் பெயர்கள் ஹென்றி வொரல் 1860-ல் வெளியிட்ட இரண்டு வரவேற்பறைக் கிட்டார் உருப்படிகளிலிருந்து வந்தவை. தாளில் அச்சானது வாய்வழியாகப் பயணப்பட்டு, பெயர் மட்டும் மிஞ்சியது. ஸ்கிப் ஜேம்ஸோ இந்த இரண்டையும் விட்டு, திறந்த கம்பிகளை மீட்டினாலே மைனர் கார்டு ஒலிக்கும்படி சேர்த்தார். ஈ, பி, ஈ, ஜி, பி, ஈ. அது தெரியாதவர் வழக்கமான சுதியில் விரலை எங்கே வைத்துப் பார்த்தாலும் அந்தத் துக்கம் வராது. கண்டுபிடிக்கும் வழியும் காதில்தான் இருக்கிறது. விரல் அழுத்தாத கம்பியின் நாதம் நீளமாக நிற்கும், அழுத்திய கம்பி விரல் எடுத்ததும் செத்துவிடும். எந்த ஸ்வரங்கள் தொடர்ந்து நின்று ஒலிக்கின்றன என்று பொறுக்கிச் சேர்த்தால் திறந்த கம்பிகள் எவை என்று பிடிபடும்.

இப்படிக் காதைத் தீட்டியவர்களுக்கு 1963-லும் 1964-லும் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. 1928-ல் பதிவு செய்த ஒரு பாட்டில் மிசிசிப்பி ஜான் ஹர்ட் தன் ஊர் அவலான் என்று பாடியிருந்தார். டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அதைக் கேட்டு, பழைய வரைபடத்தில் ஊரைத் தேடிப் போனார். ஹர்ட் அங்கேயே இருந்தார். ஸ்கிப் ஜேம்ஸை டுனிகா ஊர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். சன் ஹவுஸ் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் இருந்தார். கிட்டாரை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது, பழைய பாட்டுகள் விரலிலிருந்து போய்விட்டன. அப்போது 21 வயதான ஆலன் வில்சன் அவர் எதிரே உட்கார்ந்தார். 1930-ல் நீங்கள் இப்படி வாசித்தீர்கள், 1942-ல் இப்படி மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். கேட்கக் கேட்க முதியவரின் கைக்குப் பாட்டு திரும்பி வந்தது. 1965-ல் கொலம்பியா வெளியிட்ட எல்பியில் சன் ஹவுஸ் மறுபடியும் முழு வேகத்தோடு வாசிக்கிறார், வில்சன் சில பாட்டுகளில் கூட இருக்கிறார். பாஸ்டன் பக்கத்து வெள்ளைக்காரப் பையன் தேய்ந்த தட்டுகளிலிருந்து காதால் எடுத்து வைத்திருந்ததை, அதைப் படைத்தவருக்கே திருப்பிக் கொடுத்தான். கேள்வி ஞானத்தின் வலுவுக்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

முதியவர்கள் மேடைக்கு வந்ததும் கைகளும் தெரிய வந்தன. நியூயார்க்கில் கண்பார்வையற்ற ரெவரென்ட் கேரி டேவிஸ் வீட்டிலேயே பாடம் நடத்தினார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மட்டும் வைத்து அவர் செய்த வேலையை மூன்று விரல்காரர்கள்கூட எட்ட முடியாது. அவரிடம் சின்ன வயதிலேயே கற்ற ஸ்டெஃபன் கிராஸ்மன் 1968-ல் ‘த கன்ட்ரி ப்ளூஸ் கிட்டார்’ என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஆறு கோடுகள், கோட்டின் மேல் எண்கள். காது முதலில் என்ற வரிசை மாறத் தொடங்கியது அங்கேதான். அதன் பிறகு கேசட் பாடங்கள், வீடியோ பாடங்கள், இன்றைய இணையக் காணொளிகள் என்று வந்தது அதே பாதையின் நீட்சி.

இன்றைய கருவிகளை நான் குறை சொல்லப்போவதில்லை. நான் தினமும் பயன்படுத்துகிறேன். ‘டிரான்ஸ்க்ரைப்’, ‘அமேசிங் ஸ்லோ டவுனர்’ போன்ற மென்பொருள்கள் சுதியைத் தொடாமல் ஓட்டத்தை மட்டும் குறைக்கின்றன. 16⅔-ல் காணாமல் போன பேஸ் இப்போது தன் இடத்திலேயே இருக்கிறது. ஜான் ஹர்ட்டின் சி கார்டு பாட்டு ஒன்றை 60 சதவீத வேகத்தில் போட்டு நாலு பார் மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாருங்கள். கட்டைவிரல் ஐந்தாம் கம்பிக்கும் நான்காம் கம்பிக்கும் மாறி மாறி, கடிகாரம் தோற்கும்படி நடக்கிறது. மேலே மெட்டின் ஸ்வரங்களில் பாதி அந்தத் தாளத் தட்டின் மேல் விழுவதே இல்லை, இரண்டு தாளத் தட்டுகளுக்கு நடுவே விழுகின்றன. முழு வேகத்தில் அது வெறும் இதமாகத்தான் கேட்கும். அந்த இதம் எங்கிருந்து வருகிறது என்று மெதுவாகக் கேட்கும்போதுதான் தெரிகிறது. 1963-ன் மாணவர் இதைக் கேட்பதற்கு எவ்வளவோ கொடுத்திருப்பார்.

என் வருத்தம் டேபுலேச்சரோடுதான். எண்கள் தவறாக இருப்பதால் இல்லை, நல்ல தொகுப்புகள் பிசகாமல் இருக்கின்றன. ஒருவர் ஒருநாள் ஒருமுறை வாசித்ததை அவை பாட்டென்று நிலைநிறுத்திவிடுகின்றன. பேட்டனோ சன் ஹவுஸோ ஒரு பாட்டை அடுத்த சரணத்தில்கூட அதே மாதிரி வாசித்ததில்லை. 12 பார் என்பது பெயருக்குத்தான், பாடும் மூச்சு நீண்டால் பாரும் நீளும், வார்த்தை முடிந்ததும் அடுத்த கார்டு வந்துவிடும். இதைக் காதால் எடுத்தவருக்கு, முதல் சரணத்தில் ஒன்றும் மூன்றாம் சரணத்தில் வேறொன்றும் கிடைக்கும். அந்த வித்தியாசத்தில்தான் பாட்டின் எலும்புக்கூடு எது, அன்றைய அலங்காரம் எது என்று பிரித்தறிய முடிகிறது. தாளைப் பார்த்துப் படித்தவருக்கு எல்லாமே ஒரே கனத்தில் நிற்கும். அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் பாடுங்கள், அப்புறம் பேஸை மட்டும் தேடுங்கள், டேபுலேச்சரைக் கடைசியில் திறங்கள். காணொளியும் அப்படியே.

குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இப்போது வந்துவிட்டன. புதிய பதிவுகளில் அசத்துகின்றன. பிளைன்ட் வில்லி ஜான்சன் 1927-ல் பதிவு செய்து, 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் ஏறிப்போன ‘டார்க் வாஸ் த நைட்’ பாட்டைக் கொடுத்தால் திணறுகின்றன. முனகலும் ஸ்லைடும் ஒரே ஸ்வரத்தில் பின்னிப் போகும் இடத்தில் எது யாருடையது என்று பிரிப்பது? காது அங்கே பிரிக்க முயல்வதே இல்லை, இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

மிசிசிப்பியின் பென்டோனியா ஊரில் இன்னும் பழைய வழி மிச்சமிருக்கிறது. 1948-ல் பெற்றோர் தொடங்கிய ப்ளூ ஃபிரன்ட் கஃபேயை ஜிம்மி ‘டக்’ ஹோம்ஸ் தொடர்ந்து நடத்தினார். ஸ்கிப் ஜேம்ஸின் அந்த மைனர் சுதியை அவர் அதே ஊர்க்காரரான ஜாக் ஓவன்ஸிடம் பார்த்தும் கேட்டும் கற்றவர். தாள் எதுவும் இடையில் வரவில்லை.

பாரமவுன்டின் உலோக மூலத்தகடுகள் பெரும்பாலும் போய்விட்டன. மிச்சமிருப்பது மலிவு அரக்கில் அச்சிட்டு, வீடு வீடாகத் தேய்ந்த தட்டுகள்தாம். சன் ஹவுஸின் ‘கிளார்க்ஸ்டேல் மோன்’ எங்கே என்று எத்தனையோ காலம் தேடினார்கள். கடைசியில் ஒரே ஒரு தட்டு கிடைத்து 2006-ல் வெளியானது. வந்த அன்று அதற்கு டேபுலேச்சர் இல்லை, பாடம் இல்லை, வாசித்தவரும் இல்லை. கிட்டார்க்காரர்கள் எல்லோரும் இரைச்சலுக்குள் காதை விட்டுத்தான் சுதியையும் வார்த்தையையும் எடுத்தார்கள். வில்லி பிரவுன் 1930-ல் பதிவு செய்த ‘விண்டோ ப்ளூஸ்’ இன்னும் அகப்படவில்லை. அதன் மறுபக்கப் பாட்டும் அப்படியே. எந்தப் பரணிலாவது அந்தத் தட்டு இருந்து வெளியே வருமானால், அதை முதலில் வாசித்துக் காட்டப்போகிறவர் காதால் எடுக்கத் தெரிந்த ஒருவராகத்தான் இருப்பார்.