‘8 வருஷம் என்ன பண்ணீங்க?’ - வெளிநாட்டுப் பள்ளி வேலைக்குத் திரும்பும் ஆங்கில ஆசிரியர்கள் என்ன பதில் சொல்லலாம்?

மயிலாப்பூரில் ஒரு பிளாட். இரவு 7 மணிக்கு ஜூம் இன்டர்வியூ. எதிர்முனையில் வளைகுடா நாட்டின் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி ஒன்று. இந்தப் பக்கம், பி.எட். முடித்து, மஸ்கட்டில் 3 வருஷம் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, குழந்தை பிறந்ததும் சென்னை திரும்பிய ஆசிரியை. முதல் பத்து நிமிஷம் எல்லாம் சுமுகம். பிறகு வருகிறது அந்தக் கேள்வி: “2017-லிருந்து 2025 வரை என்ன பண்ணீங்க?”

“சும்மா... வீட்லதான் இருந்தேன்.”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எங்கே விசாரித்தாலும், இப்படி ஒருவரைத் தெரியும் என்பார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தச் ‘சும்மா’தான் பிரச்சினை.

ஏன் இவ்வளவு துருவிக் கேக்குறாங்க?

‘டச் விட்டுப்போயிருக்குமோ’ என்ற சந்தேகத்தில் கேட்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் சர்வதேசப் பள்ளிகளுக்கு அதைவிடப் பெரிய காரணம், குழந்தைகளின் பாதுகாப்பு.

2002-ல் இங்கிலாந்தின் சோஹம் என்ற ஊரில் 10 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவர் ஒரு பள்ளியின் பராமரிப்பாளர். அவர் மீது ஏற்கெனவே பாலியல் புகார்கள் இருந்தும், வேலைக்கு எடுத்தபோது அவை வெளியே வரவில்லை. இதை விசாரித்த பிச்சார்ட் குழு 2004-ல் அறிக்கை தந்தது. பள்ளிகள் ஆள் எடுக்கும் முறை இறுகத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அடுத்த அதிர்ச்சி 2014-ல். வில்லியம் வேஹி என்ற அமெரிக்க ஆசிரியர் 40 ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளின் சர்வதேசப் பள்ளிகளில் வேலை பார்த்தவர். மாணவர்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியது அந்த ஆண்டுதான் அம்பலமானது. 1969-லேயே அவர் தண்டனை பெற்றவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இதையடுத்து, சர்வதேசப் பள்ளி அமைப்புகள் சேர்ந்து குழந்தைகள் பாதுகாப்புக்கான பணிக்குழு ஒன்றை உருவாக்கின.

இன்று இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான அரசு வழிகாட்டுதல், படிப்பு முடித்த நாளிலிருந்து முழுப் பணி விவரத்தையும், இடைவெளிகளுக்கான காரணத்தையும் விண்ணப்பத்தில் கேட்கச் சொல்கிறது. வெறும் சிவி மட்டும் போதாது. வெளிநாடுகளில் இயங்கும் பல பிரிட்டிஷ் பள்ளிகளும் இதே நடைமுறையைப் பின்பற்றுகின்றன. அதாவது, அவர்கள் கேட்பது ‘ஏன் வேலையை விட்டீங்க?’ என்பதை மட்டுமல்ல. ‘அந்த வருஷங்கள்ல எங்க இருந்தீங்க, அதை யாராவது உறுதி செய்ய முடியுமா?’ என்பதைத்தான்.

சிவியில் எப்படி எழுதுவது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டாம். மாதத்தை விட்டுவிட்டு வருஷத்தை மட்டும் போட்டுப் பூசி மெழுகினால் சந்தேகம்தான் கூடும். வேலை பார்த்த வருஷங்களை எழுதுவதுபோலவே இடைவெளிக்கும் ஒரு வரி கொடுங்கள்:

“2017 ஏப்ரல் - 2025 மே: முழுநேரக் குடும்பப் பொறுப்பு, சென்னை. குழந்தை வளர்ப்பு, 2021 முதல் மாமியாரின் பராமரிப்பு. இடையில் பகுதிநேர ஆங்கில டியூஷன்.”

இவ்வளவு போதும். தேதி, இடம், காரணம் மூன்றும் இதில் வந்துவிட்டன.

என்னவெல்லாம் கணக்கில் வரும்?

* டியூஷன்: எந்த வகுப்பு, எத்தனை பேர், வாரம் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். ஒரு பெற்றோர் ரெஃபரன்ஸ் தந்தால் இன்னும் நல்லது.
* தன்னார்வப் பணி: கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் பாடம் எடுத்திருந்தால் கட்டாயம் சேர்க்கவும்.
* படிப்பு: ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்டவை நடத்தும் என்பிடெல் படிப்புகளை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கேம்பிரிட்ஜின் செல்டா, 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்பதால், ‘டச் விட்டுப்போச்சா?’ என்ற கேள்விக்கு அதுவே பதில்.

கையில் என்ன ஆதாரம் வேண்டும்?

இங்கே இருந்த காலத்துக்கு பாஸ்போர்ட் சேவா மூலம் போலீஸ் கிளியரன்ஸ் சான்று வாங்கலாம். முன்பு வெளிநாட்டில் வேலை பார்த்திருந்தால், அந்த நாட்டின் போலீஸ் சான்றையும் பள்ளி கேட்கக்கூடும். அதற்கு நாளாகும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

பழைய பள்ளி மூடப்பட்டுவிட்டதா? அங்கே பி.எஃப். பிடித்திருந்தால், இபிஎஃப்ஓ பாஸ்புக்கில் எந்த மாதம் வரை பணம் கட்டினார்கள் என்பது இருக்கும். பணி நியமனக் கடிதம், ஃபார்ம் 16, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம் எல்லாமே உதவும்.

‘எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்’ என்றால்?

உடனே எழுந்து வந்துவிடுங்கள். பள்ளிகள் பழைய முதலாளியை நேரடியாகத் தொடர்புகொண்டு சரிபார்க்கின்றன. நேர்மையான 8 வருஷ இடைவெளிக்கு மன்னிப்பே தேவையில்லை. போலிச் சான்றிதழோ வேலையை மட்டுமல்ல, அந்த நாட்டில் வழக்கையும் கொண்டுவரும்.

ஏஜென்சி மூலம் போவதாக இருந்தால், அதற்கு உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது விதி. தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கேயும் பதிவு செய்து வைக்கலாம்.

இன்டர்வியூவில் எவ்வளவு பேசுவது?

மூன்று வாக்கியம். ஏன் விட்டேன், அந்த நேரத்தில் என்ன செய்தேன், இப்போது ஏன் வரத் தயார். உடல்நலக் காரணம் என்றால் ‘சிகிச்சைக்காக ஓய்வு, இப்போது முழுமையாகக் குணமாகிவிட்டது’ என்றாலே போதும், நோயின் பெயரை நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. விவாகரத்து, குடும்பச் சண்டை போன்றவற்றை விவரிக்கத் தேவையில்லை. ஆனால் சொல்வது சிவியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

முக்கியமாக, ‘சும்மா’ வேண்டாம். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். கிட்டத்தட்ட 5 மணி நேரம், ஞாயிறு லீவு இல்லாமல்.

அடுத்த முறை அந்தக் கேள்வி வரும்போது மயிலாப்பூர் ஆசிரியை இப்படித் தொடங்கலாம்: “ரெண்டு பேரைப் பார்த்துக்கிட்டேன். ஒருத்தர் இப்போ மூணாம் வகுப்பு படிக்கிறாங்க. இன்னொருத்தருக்கு 78 வயசு.”