நேரமில்லாதவர்களின் பக்தி

நம் சங்கக் கூட்டங்களில் காபி வேளையில் அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு. "கோயிலுக்குப் போய் ஆறு மாசமாச்சு ஸார், எங்கே நேரம் இருக்கு?" சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பெங்களூரில் காலை ஏழரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, போக்குவரத்து நெரிசலில் நின்று நின்று அலுவலகம் சேர்ந்து, இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிறவரிடம் பக்தியைப் பற்றிப் பேசினால் கோபம்தான் வரும்.

ஆனால் இந்த நேரமின்மை நம் தலைமுறைக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்கிறோமே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம், நான் பிறந்த ஊர்.

சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூர் வரும் சாலையில், மொகிலி கணவாய்க்குக் கீழே இருக்கிறது பங்காருபாளையம். 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு போயிற்று. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு. ஊருக்குச் சோறு போடுவது மாம்பழம். அதிலும் கூழ் எடுக்கும் தொழிற்சாலைகளுக்குப் போகும் தோத்தாபுரி. தமிழில் கிளிமூக்கு என்போமே, அதேதான். எங்கள் பக்கம் அதற்குப் 'பெங்களூரா' என்றும் பெயர்.

மாம்பழ சீசனில் அந்த ஊரைப் பார்க்க வேண்டும். இரவு பகல் தெரியாது. காய் ஏற்றிய டிராக்டர்கள் தொழிற்சாலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். விலை சரிந்த 2025-ஆம் ஆண்டில் அந்த வரிசை நாள்கணக்கில் நகரவில்லை. வண்டியின் கீழேயே துண்டை விரித்துப் படுத்திருந்த விவசாயிகளுக்கு, மேலே காய் பழுத்து அழுகிவிடுமோ என்ற கவலை. அவர்களிடம் போய் 'நேரமில்லை' என்று நாம் சொல்லக்கூடாது.

என் மாமா ஒருவர் அங்கே மண்டியில் கணக்கு எழுதியவர். சீசனில் அவர் நாலு மணி நேரம் தூங்கினால் அதிகம். ஒரு தடவை அவரிடம், "மாமா, இந்த ரெண்டு மாசமும் சாமி கும்பிட உங்களுக்கு ஏது நேரம்?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஏண்டா, பிள்ளையார் சுழி போடாம நான் என்னைக்குடா கணக்கு எழுதினேன்?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். தாளின் தலையில் ஓர் 'உ' போட ஒரு விநாடி ஆகுமா? காலையில் தராசுக்குக் கற்பூரம் காட்டாமல் எடை தொடங்குவதில்லை. நம் பக்கத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்று சொல்லித்தான் 'ரெண்டு'க்குப் போவார்கள். அதுவும் ஒரு பிரார்த்தனைதான், கொஞ்சம் வியாபாரப் பிரார்த்தனை! இவர்கள் யாரும் பக்திக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியவர்கள் அல்லர். செய்கிற வேலையின் முதல் விநாடியை மட்டும் கொடுத்துவிட்டார்கள். சீசன் முடிந்து மண்டி ஓய்ந்தபின் புரட்டாசி வரும். சனிக்கிழமைகளில் நெற்றியில் நாமம் போட்ட பிள்ளைகள் செம்பை ஏந்தி "கோவிந்தா" என்று வீடு வீடாக வருவார்கள். மாமா அப்போது நிதானமாகக் குளித்து, தளிகை போட்டு, கடன் தீர்ப்பார்.

பெரிய சமயங்கள் எல்லாமே இந்த வேலைக்கார மனிதனை மனதில் வைத்துத்தான் விதிகளைச் செய்திருக்கின்றன என்பது என் எண்ணம். சந்தியாவந்தனத்துக்குக் காலம் தவறிவிட்டதா, கூடுதலாக ஓர் அர்க்கியம் விட்டுவிட்டு மேலே செய் என்கிறார்கள். எங்கள் சாலையில் லாரி ஓட்டும் முஸ்லிம் நண்பர்கள் வண்டியை ஓரங்கட்டிப் பாய் விரிப்பதைப் பார்த்திருக்கிறேன். பயணத்தில் இருப்பவர் நாலு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ள அவர்கள் மார்க்கத்தில் இடமுண்டு. கத்தோலிக்கர்களின் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், ஞாயிறு பூசைக் கடமையை முந்தின நாள் மாலைப் பூசையிலேயே நிறைவேற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. எங்கே பார்த்தாலும் சலுகைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'வேலை இருந்தால் விட்டுவிடு' என்று எங்கும் சொல்லவில்லை. சுருக்கிக்கொள், தள்ளிப்போடு, ஆனால் ஓர் அடையாளத்தைக் கையில் வைத்துக்கொள் என்கிறார்கள்.

நம் வீடுகளில் அந்த அடையாளம் மஞ்சள் துணி. பிள்ளைக்குக் காய்ச்சல், திருப்பதிக்குப் போக இப்போது முடியாது. அம்மா ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போவாள். வேண்டுதல் பதிவாகிவிட்டது, தவணைதான் பாக்கி! இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை எந்த வங்கியும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு ஏற்பாடு 1963-இல் வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டைத்தான் சொல்கிறேன். திருமலையில் விடியுமுன் அர்ச்சகர்கள் சந்நிதியில் சொல்வது, அதன்பின் இட்லி வெந்துகொண்டிருக்கும் சமையலறைக்கும் எங்கள் ஊர் டீக்கடைக்கும் வந்துவிட்டது. பாதி காதில்தான் கேட்கிறோம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. பாதிக் காதாவது கொடுக்கிறோமே என்று நான் சொல்வேன்.

இப்போது ஒரு சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். என் தாயாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. என் தந்தையார் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது அவர் முடிந்த காசு ஒன்று பூஜை அலமாரியில் இருந்தது. அவர் குணமாகி, மேலும் பல வருஷம் வாழ்ந்துதான் போனார். வேண்டுதல், அலிபிரியிலிருந்து நடந்து ஏறுவதாக. அம்மாவின் முழங்கால் இனி அதற்கு இடம் தராது.

வீட்டில் எல்லாரும் சுலபமான வழி சொன்னார்கள். முந்நூறு ரூபாய் தரிசனச் சீட்டைக் கணினியிலேயே பதிவு செய்யலாம். காரில் மலைமேல் போய் அன்றே திரும்பலாம். 1944-இல் முதல் மலைப்பாதை திறக்கும்வரை நடையோ டோலியோதான் கதி. 1974-இல் இரண்டாவது பாதையும் வந்தபின் ஏறுவதும் இறங்குவதும் இன்னும் எளிதாயிற்று. இந்த வசதிகளை நான் குறை சொல்லவில்லை. முதியவர்களுக்கு அவை பெரிய உபகாரம். ஆனால் அம்மா சம்மதிக்கவில்லை. "நான் பணம் தர்றேன்னு வேண்டிக்கலைடா, நடக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவர் வேண்டிக்கொண்டது நேரத்தை. அதைக் காசு கொடுத்துச் சுருக்கிவிட்டால் கொடுப்பதற்கு என்ன மிஞ்சும்? நாம் இன்று பக்திக்கு நேரம் 'மிச்சம் பிடிக்க'ப் பார்க்கிறோம். விரைவு தரிசனம், விரைவு அர்ச்சனை எல்லாம் அந்தக் கணக்குத்தான். மண்டியில் கணக்கு எழுதிய மாமாவோ விநாடியாக இருந்தாலும் கொடுத்தார்.

பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். தாய்க்காக மகன் நடக்கலாம், குற்றமில்லை என்றார். அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். புரட்டாசிக் கூட்டம் வேண்டாமென்று ஐப்பசியில் போனேன். அலிபிரியிலிருந்து 3,550 படிகள். விடிகாலையில் தொடங்கினால் காளி கோபுரம்வரை மூச்சு வாங்கும். அதன்பின் சமதளம் நிறைய உண்டு. காடு, மான்கள், முறுக்கும் மாங்காய்க் கீற்றும் விற்கும் கடைகள். படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறும் பெண்களைப் பார்த்தபோது, என் இரண்டு நாள் விடுப்பைப் பெரிய தியாகமாக நினைக்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில் வரும் செங்குத்தான படிகளுக்கு 'முழங்கால் முறிச்சான்' என்று தமிழில் பெயர் வைத்தவர் அனுபவசாலிதான். ராமானுஜர் அந்த இடத்தை முழங்காலாலேயே ஏறினார் என்பது ஐதீகம்.

நடக்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றபின், குழந்தைகளை அழைத்துச் செல்வதற்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். படியேற முடியாதவர்கள் வருந்த வேண்டாம், கையில் பேனா இருந்தால் தாளின் தலையில் ஒரு சுழி போட முடியும்.

காசை உண்டியலில் சேர்த்துவிட்டு மஞ்சள் துணியை மட்டும் ஊருக்கு எடுத்துவந்தேன். அம்மா அதைத் துவைத்துக் காயப்போட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் அதே துணியில் புதிதாக ஒரு முடிச்சு. எதற்கு என்று கேட்டேன். பேத்தியின் கல்யாணத்துக்காம். "இந்தத் தடவை யாரு நடக்கணும்னு வேண்டிக்கிட்டீங்க?" என்றேன். பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.